படம் எடுக்கப் போகும் பூங்காவுக்குப் புல் பிடுங்கவும் போகலாம்

ஒன்ராறியோவில் உயர்நிலைப் பாடசாலைச் சான்றிதழ் பெறுவதென்றால் மாணவர்கள் 40 மணித்தியாலம் சமூகத்தொண்டு செய்திருக்க வேண்டும். 1999இல் ஒன்பதாம் வகுப்புக்குப் போனவர்களிலிருந்து இந்த விதி இருக்கிறது. எட்டாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையிலேயே தொடங்கலாம்; நாலு வருசத்துக்கு மேல் அவகாசம். ஆனாலும் எங்கட வீடுகள் பலவற்றில் அந்தப் படிவம் ஞாபகத்துக்கு வருவது பன்னிரண்டாம் வகுப்பின் மார்ச் மாதத்தில்தான். உடனே தொலைபேசி சூடாகும். கோயிலில் தெரிந்த ஆள் யார், ஊர்ச் சங்கத்தில் யார், தமிழ்ப் பாடசாலையில் யார்? ஒன்றுகூடலில் தண்ணிப் போத்தல் எடுத்துக் கொடுத்த இரண்டு மணித்தியாலம் எட்டாக எழுதப்படுவதும் நடக்கும். கேட்டால், "எல்லாரும் செய்யினம்தானே" என்ற பதில் வரும்.

இதை வைத்து எங்கட சமூகத்துக்குத் தொண்டு மனப்பான்மை இல்லை என்று யாரும் சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தேர்த்திருவிழா அன்றைக்குக் கோயில் மடைப்பள்ளியில் விடியப்புறம் நாலு மணிக்கு நிற்கிறவர்களுக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள்? இருபது வருசமாகச் சனிக்கிழமை காலையைத் தமிழ் வகுப்புக்குக் கொடுத்த ரீச்சர்மார் எத்தனை பேர்! பழைய மாணவர் சங்கங்கள், ஊருக்குக் கிணறு வெட்ட, பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட என்று ஓடித் திரிகிறவர்கள் எத்தனை பேர்! உழைப்பு நிறைய இருக்கிறது. ஆனால் அது எங்கட வேலிக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது.

வேலிக்கு வெளியே இருக்கிற பொதுத் தோட்டங்களோடு எங்களுக்கு உள்ள உறவு கமெராவோடு நிற்கிறது. வசந்தகாலத்தில் ஹை பார்க்கில் செரிப்பூ பூத்தால் ஸ்காபரோவிலிருந்தும் மார்க்கத்திலிருந்தும் காரில் போய்க் குவிகிறோம். கல்யாண அல்பமோ சாமத்திய வீட்டு அல்பமோ, ஒரு பூந்தோட்டம் இல்லாமல் முடிவதில்லை. பட்டுச்சேலை, றோசாப்பூப் பாத்தி, பின்னால் ஏரி. படம் எடுத்தது பிழை என்று சொல்லவில்லை, அழகான இடத்தில்தான் அழகான படம் எடுக்கலாம். அந்தப் பாத்தியை ஆர் கொத்துகிறார்கள் என்று நாங்கள் கேட்பதில்லை என்பதுதான் என் குறை.

இந்தத் தோட்டங்கள் தானாக முளைத்தவை அல்ல. ஏறத்தாழ 400 ஏக்கர் விரிந்த ஹை பார்க்கின் ஒரு பகுதியை ஜோன் ஜோர்ஜ் ஹவார்ட் என்ற கட்டடக்கலைஞர் 1873இல் நகரத்துக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே நாங்கள் படம் எடுக்கும் செரி மரங்களின் தொடக்கம் 1959. தோக்கியோ மக்களின் பெயரால் யப்பானியத் தூதுவர் கொடுத்த கன்றுகள். அதே 1959இல்தான் ஸ்காபரோ ஏரிக்கரை மேட்டில், கிங்ஸ்டன் வீதியோரம் இருந்த தன் காணியை ஒரு மனிதர் இறந்துபோன மனைவியின் நினைவாகப் பொதுமக்களுக்குக் கொடுத்தார். அதுதான் ரொசெற்றா மக்கிளெயின் தோட்டம். எங்கட ஆட்கள் பலர் நடந்துபோகக்கூடிய தூரத்தில் இருக்கிறது. ரொசெற்றா என்பது ஒரு பெண்ணின் பெயர் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? லோறன்ஸ், லெஸ்லி சந்தியில் இருக்கிற எட்வேர்ட்ஸ் தோட்டமும் ஒருகாலத்தில் ஒருவரின் வீட்டு வளவுதான். 1955இல் நகரம் அதை வாங்கியது. இவர்கள் எல்லாருக்கும் முன்னால், ஹை பார்க்கின் கறுப்பு ஓக் புல்வெளி அழியாமல் இருந்ததற்கே பூர்வகுடி மக்கள் காலாகாலமாக அங்கே தீ மூட்டிப் பராமரித்தது ஒரு காரணம். இன்றைக்கு நகரசபை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே வேலையைக் கட்டுப்பாட்டோடு செய்கிறது.

இப்போது இவற்றைச் சம்பளத்துக்கு வேலை செய்யும் தோட்டக்காரரும், கூடவே தொண்டர்களும் பார்த்துக்கொள்கிறார்கள். அந்தத் தொண்டர்கள் யாரென்று பார்த்தால், நான் கண்ட அளவில் பெரும்பாலும் ஓய்வுபெற்ற வெள்ளைக்காரப் பெண்கள். தொப்பி, முழங்காலுக்கு ஒரு மெத்தை, கையுறை. பக்கத்துத் தெருவில் எங்கட சனம் இவ்வளவு இருக்க, அங்கே ஒரு தமிழ் முகத்தைத் தேட வேண்டியிருக்கிறது.

புல் பிடுங்குவது எங்களுக்குப் புதிதா? கோயிலில் அப்பர் சிலையைப் பாருங்கள். தேவாரம் பாடிய அந்தப் பெரியவரின் கையில் ஏடு இருக்காது, உழவாரம் இருக்கும். கோயில் வீதியில் முளைத்த புல்லைச் செதுக்கியது அவருக்குப் பாட்டுக்குக் குறையாத வழிபாடு. ஊரில் சிரமதானம் என்றால் மண்வெட்டியும் கத்தியும் கொண்டு வராத வீடு குறைவு. குளக்கட்டு, மயானப் பாதை, பள்ளிக்கூட வளவு எல்லாம் அப்படித்தான் துப்புரவானது. அது எங்கட சாதி, எங்கட கோயில் என்ற கணக்குக்குள்ளும் சில இடங்களில் அடைபட்டிருந்தது உண்மை. இங்கே அந்தக் கணக்கு இல்லாத பொது இடம் கிடைத்திருக்கிறது.

வேலை என்னவென்று தெரியாமல் பலர் தயங்குகிறார்கள். பூப் பாத்தியில் களை எடுப்பது, வாடின பூவைக் கிள்ளுவது, மரத்தூள் பரப்புவது, ஒக்ரோபரில் நிலம் உறைவதற்கு முன்னம் ரியூலிப் கிழங்கு தாழ்ப்பது, இவ்வளவுதான் பெரும்பாலும். காட்டுப் பகுதி உள்ள பூங்காக்களில் இன்னொரு வேலை இருக்கிறது, எனக்கு அதுதான் பிடித்தது: வெளியிலிருந்து வந்து பரவின செடிகளை அகற்றுவது. கார்லிக் மஸ்ரர்ட் என்று ஒன்று. இலையைக் கசக்கினால் உள்ளி மணம். ஐரோப்பாவிலிருந்து குடியேறினவர்கள் கீரையாகத்தான் கொண்டுவந்தார்கள். இப்போது மரநிழலில் வேறு ஒன்றையும் முளைக்க விடுவதில்லை. (எங்கட அம்மம்மாமார் கண்டால் முதல் கேள்வி "இதை வறை வறுக்கலாமோ?" என்பதாகத்தான் இருக்கும். பூங்காவில் பறித்துக்கொண்டு போக விடமாட்டார்கள், சொல்லிவிட்டேன்.) வேரோடு பிடுங்கிப் பையில் கட்ட வேண்டும். விதை விழுந்தால் வருசக் கணக்காக மண்ணுக்குள் கிடந்து முளைக்கும்.

மற்றது டோக் ஸ்ராங்லிங் வைன் என்ற கொடி. இதன் கதை எருக்கலை தெரிந்த ஆட்களுக்குச் சட்டென்று விளங்கும். பிள்ளையாருக்கு மாலை கட்டுகிற எங்கட எருக்கலையும், இங்கே வீதியோரம் வளர்கிற மில்க்வீட்டும் ஒரே குடும்பம். முறித்தால் இரண்டிலும் பால் வரும். ஊரில் எருக்கலை இலையில் முட்டையிடுகிற செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சி நினைவிருக்கிறதா? மெக்சிக்கோ வரை பறந்து போகிற மொனார்க் அதற்கு நெருங்கிய சொந்தம், மில்க்வீட்டில் முட்டையிடும். இந்தக் கள்ளக் கொடியும் அதே குடும்பம் என்பதால் சிலவேளை ஏமாந்து அதில் இட்டுவிடும். பொரிக்கிற புழு பிழைக்காது. கொடியை மேலால் இழுத்தால் அறுந்து திரும்பவும் தழைக்கும். கிண்டி வேரை எடுக்க வேண்டும். வளவில் கோரைக்கிழங்கோடு மல்லுக்கட்டின ஆளுக்கு இதெல்லாம் படிப்பிக்கத் தேவையில்லை.

அந்த ஆட்கள் எங்கே? அநேகமாக மகளின் வீட்டு பேஸ்மென்ரில், தொலைக்காட்சிக்கு முன்னால். பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினால் பிறகு பின்னேரம் வரை பேச ஆளில்லை. பின்வளவில் பயிற்றங்காயும் கத்தரியும் போட்டுக் கறிவேப்பிலைச் சட்டியைக் குளிருக்கு உள்ளே தூக்கிவைத்துப் பிள்ளை மாதிரி வளர்க்கிற கைகள் அவை. இங்கிலீசு வராது என்ற ஒரே பயத்தில் பூங்கா அலுவலகத்துக் கதவைத் தட்டுவதில்லை.

ஆகவே நான் சொல்வது இதுதான்: 40 மணித்தியாலம் வேண்டிய பேரப்பிள்ளையும் வேலை தெரிந்த அம்மம்மாவும் சேர்ந்து போகட்டும். பிள்ளை படிவத்தை வாசித்துச் சொல்லும், பொறுப்பாளர் சொல்வதை மொழிபெயர்க்கும். அம்மம்மா எந்தக் கன்றை விட வேண்டும், எதைப் பிடுங்க வேண்டும், ஈர மண்ணை ஏன் மிதிக்கக்கூடாது என்று காட்டுவா. வீட்டில் 'சாப்பிட்டியா', 'படிச்சியா' என்பதோடு முடிகிற தமிழ் அங்கே வேர், முளை, அரும்பு, பதியம் என்று கொஞ்சம் நீளும். நேரம் எழுதிக் கையெழுத்துப் போடுகிற பொறுப்பாளரும் அங்கே இருப்பார். இரண்டை எட்டாக்கச் சொல்லிக் கேட்கத்தான் முடியாது.

"சும்மா வேலை வாங்கினமே?" என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும், அது நியாயமான கேள்வி. தோட்டக்காரர்களின் வேலையை வெட்டிவிட்டு அந்த இடத்தைத் தொண்டர்களைக் கொண்டு நிரப்பினால் நாங்கள் அதற்குத் துணைபோகக் கூடாது. தொழிற்சாலையில் இரண்டு சிப்ற் வேலை செய்து வந்தவர்கள் நிறைந்த சமூகம், சம்பளத்தின் அருமை எங்களுக்குத் தெரியும். ஆனால் ஆட்குறைப்பு நடந்ததை முதலில் கண்டுபிடிக்கிறவர் அந்தப் பாத்தியில் வழக்கமாக நிற்கிற தொண்டர்தான். நகரசபை வரவுசெலவுத் திட்டம் வரும்போது பொதுமக்கள் போய்ப் பேசலாம். எங்கட ஆட்கள் அங்கே வீதி, பஸ், சமூக நிலையம் பற்றிப் பேசிக் கேட்டிருக்கிறேன். பூங்காவைப் பற்றிப் பேச ஆளைக் காணோம். "இந்தத் தோட்டத்தில் மூன்று வருசமாக வேலை செய்கிறேன், போன வருசம் இருந்த தோட்டக்காரர் எங்கே?" என்று ஒரு தமிழ்ப் பெண் கேட்டால் கவுன்சிலர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

தோட்டங்களை நடத்துகிறவர்களிலும் பிழை இருக்கிறது. கிழமை நாளில் காலை ஒன்பது மணிக்கு வரச் சொன்னால் வேலைக்குப் போகிறவர் எப்படி வருவார்? பல பக்க விண்ணப்பம், முழுக்க இங்கிலீசில், இணையத்தில் மட்டும். ஒரு தமிழ்த் துண்டுப்பிரசுரம் அச்சடித்துக் கோயில் வாசலிலும் பலசரக்குக் கடையிலும் வைக்க எவ்வளவு செலவாகும்? புதிய முகங்கள் வரவில்லையே என்று கூட்டங்களில் கவலைப்படுகிறவர்கள் இதைச் செய்து பார்த்துவிட்டுக் கவலைப்படலாம்.

எங்கட பக்கத்தில், மாணவர்களின் படிவத்தில் கையெழுத்துப் போடுகிற கோயில்களும் சங்கங்களும் இந்த வருசமே ஒன்று செய்யலாம். கார்லிக் மஸ்ரர்ட் மே மாதம் பூக்கும். காய் முற்றுவதற்கு முன்னம் பிடுங்க வேண்டும். அருகில் உள்ள பூங்காவோடு முன்கூட்டியே பேசி ஒரு சனிக்கிழமை பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டிப் போங்கள். நீளக் காற்சட்டை, மூடின சப்பாத்து, வீட்டுக்கு வந்ததும் உடம்பில் உண்ணி ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். சாப்பாட்டுப் பார்சலைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை, அதை எங்கட ஆட்கள் மறக்க மாட்டார்கள். கோடை ஒன்றுகூடலுக்குப் பிடிக்கிற அதே மஞ்சள் பஸ்ஸை ஒரு மாதம் முந்திப் பிடித்தால் சரி.