எஞ்சின் மாறினால் போதுமா?

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு ஏறிச் சென்றவர்கள் அறிவர், சவ்வாது மலைப் பாதையின் தன்மையை! வளைவுக்கு வளைவு ஏற்றம். ஏற்றத்துக்கு ஏற்றம் எஞ்சினின் முனகல். சாமையும் புளியும் பலாவும் விளையும் அந்த மலையிலே, பழைய சிறு காரை நம்பிப் பிழைக்கும் தோழன் என்ன எண்ணுவான்? "இந்தப் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு, டர்போ டீசல் எஞ்சினைப் பொருத்தினால் என்ன?" என்றுதான் எண்ணுவான். எண்ணுவதிலே குற்றமில்லை. ஆனால் அவன் வழியிலே சட்டமும் நிற்கிறது, ஆபத்தும் நிற்கிறது. இரண்டையும் எடைபோட்டுப் பார்ப்போம்.

டர்போ என்பது மந்திரமல்ல. வீணே வெளியேறும் புகையின் வேகத்தால் சிறு சக்கரத்தைச் சுழற்றி, காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் செலுத்தும் கருவி. காற்று மிகுந்தால் எரிபொருளும் மிகுதியாக எரியும், இழுவையும் கூடும். 1,089 சி.சி. பத்மினியின் ஆற்றல் ஏறத்தாழ 40 குதிரைத்திறன். 2007இல் ஸ்விஃப்ட் காரிலே வந்த 1,248 சி.சி. டர்போ டீசல் எஞ்சினுக்கோ 75 குதிரைத்திறன்! ஆசை பிறக்காதா?

முதலாளி செய்யாததா இது? ஐம்பதுகளிலே பிறந்த அம்பாசிடர் கூட்டுக்குள், தொண்ணூறுகளிலே ஜப்பானிய இசுசு எஞ்சின் குடியேறிற்று. முதலில் பெட்ரோல், பின்னர் டீசல். அது முன்னேற்றம் எனப்பட்டது. அதையே பட்டறைத் தொழிலாளி செய்தால் குற்றமாம்!

ஆத்திரப்படுமுன் ஆராய்ந்திட வேண்டும், தோழர்களே! கம்பெனி எஞ்சினை மட்டுமா மாற்றிற்று? ஐந்து கியர்ப் பெட்டியையும் சேர்த்தே வைத்தது. சோதித்து, சான்று பெற்று விற்றது. டீசல் எஞ்சினோ கனமானது. முன்பக்க ஸ்பிரிங், கிளட்ச், ரேடியேட்டர், பிரேக் யாவும் பழைய பாரத்துக்கென அளந்து செய்தவை. மலை ஏறுவதற்கு எஞ்சின் வேண்டும். இறங்குவதற்குப் பிரேக் அல்லவா வேண்டும்!

ஆதாயமும் முன்போல் இல்லை. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. பெட்ரோலுக்கும் டீசலுக்கும் இருந்த பெரிய விலை இடைவெளி சுருங்கிற்று.

சட்டம் சொல்வதென்ன? 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரித்தவர் வகுத்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019 ஜனவரி 9 அன்று சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தமோ, மீறும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்றது. ஆனால் காஸுக்கும் மின்சாரத்துக்கும் மாற்ற, அங்கீகாரம் பெற்ற கருவித் தொகுதியோடு வழி திறந்திருக்கிறது. சோதித்து அனுமதிக்கும் முறை சர்க்காருக்குத் தெரியாததல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

"புது வண்டி வாங்கட்டுமே!" என்பர் வசதி படைத்தோர். எதைக் கொண்டு வாங்குவது? 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆயிற்று, 2022 ஏப்ரலில். 20 ஆண்டு கடந்தால் 10,000 என்றனர், 2025இல். ஏழையின் பழைய வண்டிக்கு ஏறும் கட்டணம், ஏழையின் கூலியிலே ஏறக் காணோமே!

2022 ஏப்ரல் 2ஆம் நாளை மறந்திடலாகாது. திருப்பத்தூர்ப் பக்கத்து மலைப்பாதையிலே, கோயிலுக்கு மக்களை ஏற்றிச் சென்ற வேன் பள்ளத்தில் உருண்டது. 11 உயிர்கள் பலியாயின. பஸ் வராத இடத்தை, கிடைத்த வண்டி நிரப்புகிறது. கிடைத்த வண்டியிலே கிடைத்த அளவு மக்கள் ஏறுகின்றனர். அபராதச் சீட்டு இந்த நோய்க்கு மருந்தாகுமா?

எனவே நாம் கேட்பது இரண்டு. மலைக் கிராமங்களுக்கு நேரம் தவறாது சிற்றுந்து வரட்டும். எஞ்சின் மாற்றத்தைச் சோதித்து, பிரேக்கும் பாரமும் புகையும் பொருந்தினால் குறைந்த கட்டணத்தில் சான்று தரவும், பொருந்தாவிடில் காரணம் கூறி மறுக்கவும் சட்டத்திலே வழி பிறக்கட்டும்.

அதுவரை, வண்டியோட்டும் தோழர்களிடம் உண்மையைச் சொல்வது நம் கடமை: திருட்டுத்தனமாக மாற்றிய எஞ்சின் உன்னை மலைமேல் ஏற்றிவிடும், பத்திரமாக வீடு சேர்க்கும் என்பதற்கு யார் பொறுப்பு?