முடியைத் தேடுகிறவர்கள்

முத்தியால்பேட்டை மணிக்கூண்டை விட உயரமான எதையும் தினந்தோறும் பார்த்துப் பழகாதவன் நான். எங்கள் புதுச்சேரிக்காரர்களுக்கு மேடு என்றால் கோரிமேடுதான். அதையும் சைக்கிளிலேயே ஏறி இறங்கிவிடலாம். இப்பேர்ப்பட்டவன் மலையைப் பற்றி எழுதப் புறப்பட்டதைக் கண்டு வாசகர்கள் சிரிக்கக்கூடும். தாராளமாகச் சிரியுங்கள். சிரித்து முடித்த பிறகு நான் சொல்வதையும் கொஞ்சம் கேளுங்கள்.

கார்த்திகை பிறந்தால் எங்கள் தெருவில் திருவண்ணாமலைப் பேச்சு ஆரம்பமாகிவிடும். மலையைச் சுற்றி வருகிறவர்களோடு எனக்கு வழக்கில்லை. உச்சிக்கு ஏறியே தீருவேன் என்று கச்சை கட்டுகிறவர்களோடுதான் வழக்கு. 2024 டிசம்பர் 13-ஆம் தேதி, தீபத்தன்று, பொதுமக்கள் மலையேறக் கூடாது என்று தடை போட்டார்கள். ஜவுளிக் கடை வைத்திருக்கும் என் நண்பர் திண்ணையில் வந்து உட்கார்ந்து பொரிந்து தள்ளினார்.

"நம்ம மலை, நம்ம சாமி. ஏறக் கூடாதுன்னா இது என்ன சார் நியாயம்?"

அவருக்கு இன்னும் மனசு ஆறவில்லை. அவரைப் போல ஆயிரம் பேர் இருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

பக்தியின் பெயரால் கேட்கிறார்கள். ஆகவே பக்தியின் வழியிலேயே பதில் சொல்வோம். அடிமுடி தேடிய கதை அந்த ஊருக்கே உரியது. பன்றியாகி அடியைத் தேடிய திருமால், "என்னால் முடியவில்லை" என்று ஒப்புக்கொண்டார். அன்னமாகி முடியைத் தேடிய பிரம்மாவோ, தாழம்பூவைச் சாட்சி வைத்து, "கண்டேன்" என்று பொய் சொன்னார். உச்சியைக் கண்டதாக மார்தட்டியவருக்குத்தான் கோயில் இல்லாமல் போயிற்று! இன்று தாழம்பூவுக்குப் பதில் கைபேசி சாட்சி சொல்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

அதுவும் போகட்டும். அண்ணாமலையார் என்ன செய்கிறார்? தீபத்துக்குப் பிறகும், தை மாதத் திருவூடலின்போதும், ஆண்டுக்கு இரண்டு முறை அவரே கிரிவலம் வருகிறார். சுவாமியே 14 கிலோமீட்டர் சுற்றுகிறார், உச்சிக்கு ஏறுவதில்லை. தீபத் திருவிழா முடிந்ததும், மலையை மனிதர் கால் மிதித்ததற்காகப் பிராயச்சித்த பூஜை நடக்கிறது. பிராயச்சித்தம் தேவைப்படுகிற ஒரு காரியத்தை உரிமை என்று எப்படிக் கேட்பது?

"தீபம் ஏற்ற யாராவது போகத்தானே வேண்டும்?" என்பார்கள். போகிறார்கள். பர்வதராஜ குலத்தார் தலைமுறை தலைமுறையாக அந்தப் பணியைச் செய்கிறார்கள். கொப்பரையும் நெய்யும் திரித் துணியும் 2,668 அடி உயரத்துக்கு மனிதர் தோளில்தான் ஏறுகின்றன. சுமையோடு ஏறுகிறவனையும் வேடிக்கைக்கு ஏறுகிறவனையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. "ரமண மகரிஷி மலையில் இருக்கவில்லையா?" என்பார்கள். இருந்தார். 1896-இல் அந்த ஊருக்கு வந்தவர், விரூபாக்ஷ குகையிலும் கந்தாசிரமத்திலுமாக 1922 வரை மலைச் சரிவிலேயே குடியிருந்தார். நாமோ காலையில் ஏறி மாலையில் இறங்கி, சாப்பிட்ட பொட்டலத்தை அங்கேயே போட்டுவிட்டு வருகிறோம்.

இனி என் சொந்தக் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். இருபது வயதில், முத்தியால்பேட்டை நண்பர்கள் நால்வரோடு நானும் அந்த உச்சிக்கு ஏறினேன். பாறையெல்லாம் நெய்ப்பிசுக்கு ஏறிக் கறுத்து வழுக்கியது. எங்கள் ஊர்ப் பக்கம் எது, கடல் தெரிகிறதா என்று தேடினோம். வெயில் புகைதான் தெரிந்தது. இறங்கும்போது என் கால் பட்டு ஒரு கல் பெயர்ந்தது. உருண்டது. புதருக்குள் மறைந்தது. சத்தம் மட்டும் கீழே போய்க்கொண்டே இருந்தது. அப்போது கீழேயிருந்து ஒரு பெண்பிள்ளையின் குரல் வந்தது. சுள்ளி பொறுக்க வந்தவள் போலும்.

"யாருப்பா மேலே? கீழே மனுசங்க இருக்கோம்!"

அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. குரல் மட்டும் இன்றும் காதில் இருக்கிறது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் எங்கள் ஊர் அருகே கரையைக் கடந்தது. எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். நாங்கள் அரிசி மூட்டையைக் கட்டில்மேல் ஏற்றிக்கொண்டிருந்தோம். அதே புயலின் மழை டிசம்பர் 1-ஆம் தேதி அண்ணாமலையில் பாறையையும் மண்ணையும் சரித்து, அடிவாரத்து வ.உ.சி. நகரில் ஒரு வீட்டை மூடியது. ஏழு பேர் மாண்டார்கள். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள்.

மலையேறியவர்கள் காலால்தான் அது சரிந்தது என்று நான் சொல்லவில்லை. சொன்னால் அது பொய். மழைதான் சரித்தது. ஆனால் தீபம் வருவது கார்த்திகையில். கார்த்திகை வடகிழக்குப் பருவமழை மாதம். ஊறிக் கிடக்கிற சரிவுக்கு மேலே கூட்டம், கீழே குடிசைகள். அந்த ஏழு பேர் போய்ப் பன்னிரண்டாம் நாள், "என் உரிமை எங்கே?" என்று கேட்பதற்குப் பக்தி என்றா பெயர்?

அயலாரைப் பார்த்தாவது கற்றுக்கொள்ளலாம். 1955-இல் காஞ்சன்ஜங்காவை முதன்முதலில் எட்டிய ஆங்கிலேயர் இருவரும், அம்மலையைத் தெய்வமாக வணங்கும் சிக்கிம் மக்களுக்குக் கொடுத்த வாக்குக்காக, உச்சிக்குச் சில அடிகள் கீழேயே நின்று திரும்பினார்கள். ஆஸ்திரேலியாவில் பூர்வகுடியினர் போற்றும் உலூரு பாறையில் ஏறுவது 2019 அக்டோபர் 26 முதல் நின்றுபோயிற்று. இவர்களுக்கு அந்த மலைகள் குலதெய்வமல்ல. ஆனாலும் நின்றார்கள்.

சுற்றுகிறவர்களும் உத்தமர்கள் என்று நான் சான்று தரவில்லை. பௌர்ணமி மறுநாள் காலையில் கிரிவலப் பாதையின் குப்பையைப் பார்த்தால் போதும். ஆனால் அந்தக் குப்பையை ஒரு துடைப்பம் கூட்டிவிடும். உருண்ட கல்லை யார் திருப்பி மேலே ஏற்றுவது?

நண்பர் நேற்றும் வந்தார். "அப்போ உச்சியைப் பார்க்கவே கூடாதா சார்?" என்றார்.

பாருங்கள். மேலே தீபம் ஏற்றுவதே கீழே இருக்கிறவர்கள் பார்க்கத்தான். கொப்பரைக்குப் பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தெரிவது புகையும் நெய் நாற்றமும். அடிவாரத்தில் நிற்கிறவனுக்குத் தெரிவதுதான் ஜோதி. அங்கேயே நில்லுங்கள், அங்கே மனுசங்க இருக்கிறார்கள்.