தேவ்நாருக்குப் போக வேண்டாத குப்பை

மும்பையின் கழிவைத் தேவ்நாரில் கொட்டத் தொடங்கியது 1927-ஆம் ஆண்டில். 2016 ஜனவரியில் அந்தக் குப்பைமேடு தீப்பற்றி எரிந்தபோது செம்பூர் உள்ளிட்ட பகுதிகள் புகையில் மூழ்கின; பள்ளிகள் மூடப்பட்டன. காய்கறித் தோலும் பழைய சோறும் உதிர்ந்த இலையும் காற்றுப் புகாமல் அழுந்தி அழுகும்போது மீத்தேன் வாயு உண்டாகிறது. குப்பைமேட்டுத் தீயை வளர்ப்பது அதுவே.

அதே ஆண்டு ஏப்ரலில் மத்திய அரசு திடக்கழிவு மேலாண்மை விதிகளை அறிவித்தது. தோட்டக் கழிவை எரிக்கலாகாது, தனியே சேர்த்து வைக்க வேண்டும். பெரிய குடியிருப்புகள் மட்கும் குப்பையை வளாகத்துக்குள்ளேயே உரமாக்க வேண்டும் என்றன அவ்விதிகள். கூடவே 'இயன்ற வரை' என்றொரு சொற்றொடரும் இருந்தது. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டப்படி இத்தகைய விதிகள் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் வைக்கப்படுகின்றன. அந்தத் தாள்களைப் புரட்டிப் பார்க்கும் உறுப்பினர்கள் எத்தனை பேர்?

மாநகராட்சி 2017-இல் சற்றுத் துணிந்தது. நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் வளாகங்களின் ஈரக் குப்பையை அக்டோபர் 2 முதல் எடுப்பதில்லை என்று அறிவித்தது. இடமில்லை, நாற்றமடிக்கும் என்றன குடியிருப்புச் சங்கங்கள். பலவற்றுக்குக் கெடு நீட்டிக்கப்பட்டது.

நாற்றம் என்பது வாதமாகாது. மாதுங்காவின் மரநிழல் தெருக்களில் உதிரும் சருகே அதற்கு மருந்து. துளையிட்ட பீப்பாயில் ஈரக் கழிவு ஒரு பங்குக்குச் சருகு இரு பங்கு என மாறி மாறி இட்டு, பிழிந்த துணியின் ஈரம் காத்து, வாரம் ஒருமுறை கிளறினால் இரண்டு மூன்று மாதங்களில் மண்வாசனையுடன் உரம் கிடைக்கும். நாறினால் காற்றோ சருகோ குறைவென்று பொருள். மழைக்காலத்தில் மூடி அவசியம்.

இவ்வளவு எளிய வேலையைச் செய்யாததன் சுமை யார்மீது விழப் போகிறது? தாராவி மறுசீரமைப்புக்காகத் தேவ்நாரில் 124 ஏக்கர் ஒதுக்க 2024 அக்டோபரில் மகாராஷ்டிர அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அங்குள்ள 185 லட்சம் டன் பழைய குப்பையை அகற்ற, 2025-இல் ரூ.2,368 கோடி மதிப்பில் ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டது. தாராவியை ஒட்டிய மகாராஷ்டிர இயற்கைப் பூங்காவும் ஒருகாலத்தில் குப்பை கொட்டிய இடந்தான். அங்கே மரங்களை வளர்த்தார்கள். தேவ்நாரில் மனிதர்களைக் குடியேற்ற நினைக்கிறார்கள். நெல்லைச் சீமையிலிருந்து வந்து தலைமுறைகளாகத் தாராவியின் ஓரறை வீடுகளில் வாழும் தமிழர்க்குப் பீப்பாய் வைக்க முற்றமில்லை. முற்றமும் தோட்டமும் உள்ளோரின் கழிவு சேர்ந்த நிலத்தைத்தான் தாராவிக்கு ஒதுக்கியிருக்கிறார்கள்.

எந்தெந்த வளாகங்கள் உரம் தயாரிக்கின்றன, எவை தயாரிக்கவில்லை என்ற பட்டியலை மாநகராட்சி வார்டு வாரியாக வெளியிட வேண்டும். மாதுங்கா, செம்பூர் தமிழர்கள் தங்கள் சங்கங்களின் அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரலாம். அதற்குத் தில்லியின் அனுமதி தேவையில்லை.