சேஸிஸ் எண்ணின் முதல் எழுத்து

ஒரு காரை விலை பேச வருகிறவர்களில் கணிசமானோர், பானெட்டைத் திறந்து பார்ப்பதற்கும் சிறிது தூரம் ஓட்டிப் பார்ப்பதற்கும் முன்பாகவே, அது எந்தத் தேசத்தில் அசெம்பிள் ஆனது என்று கேட்டுவிடுகிறார்கள். கிடைக்கும் விடையைக் கொண்டே வண்டியின் ஆயுள், உறுதி, மறுவிற்பனை மதிப்பு முதலான சகல விஷயங்களையும் தீர்மானித்தும் விடுகிறார்கள். அமெரிக்காவிலும் வளைகுடா நாடுகளிலும் பழைய கார் வாங்குகிறவர், எழுத்தும் எண்ணுமாகப் பதினேழு குறிகள் கொண்ட சேஸிஸ் எண்ணில் முதல் எழுத்து ஜப்பானைக் குறிக்கும் 'ஜே'தானா என்று பார்த்து நிம்மதி அடைகிறார். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் 'ஜப்பான் வண்டி' என்பது ஒரு நற்சான்றாகவும், 'இந்தியன் வண்டி' என்பது விலையைக் குறைத்துக் கேட்பதற்கு ஒரு முகாந்தரமாகவும் வழங்குகிறது. சென்னையிலோ, முழுசாகக் கப்பலில் வந்து இறங்கியது என்று சொன்னால் கிடைக்கும் மரியாதை, ஸ்ரீபெரும்புதூரில் பூட்டியது என்று சொன்னால் கிடைப்பதில்லை. இந்த நம்பிக்கை பிழையானது என்பதோடு என் கட்சி முடிந்துவிடவில்லை. அது தீமை செய்கிறது என்பதும், அதனால் லாபம் அடைகிறவர் வாங்குகிறவரும் அல்லர், உழைக்கிறவரும் அல்லர் என்பதும் சேர்ந்ததே என் கட்சி.

தேசத்தின் பெயரைக் கொண்டு சரக்கின் தராதரத்தை அளக்கும் வழக்கம் பழமையானது. அது எவ்வளவு நிலையற்றது என்பதற்குச் சரித்திரமே சாட்சி. 1887இல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்து, உள்நாட்டுச் சரக்குப்போலத் தோற்றமளித்து விற்பனையாகும் அந்நியப் பொருள்களில் அவை பிறந்த தேசத்தின் பெயரைப் பொறிக்கவேண்டும் என்று விதித்தது. மலிவான ஜெர்மன் போலிகளை ஜனங்கள் அடையாளம் கண்டு ஒதுக்கவேண்டும் என்பதே அதன் முக்கிய நோக்கம். இகழ்ச்சிக்கென்று சுமத்திய அந்தப் பொறிப்பு சில பத்தாண்டுகளுக்குள் கௌரவச் சின்னமாகிவிட்டது. இன்று நாம் 'ஜே' என்ற எழுத்தைக் கண்டு ஆறுதல் அடைகிறோமே, அந்த ஜப்பானிலிருந்து 1957இல் அமெரிக்காவுக்குப் போன டொயோபெட் கிரவுன் என்ற கார், அத்தேசத்து நெடுஞ்சாலை வேகத்தைத் தாங்கமாட்டாமல் திணறி, சில வருஷங்களுக்குள் விற்பனையையே நிறுத்தவேண்டிய நிலைக்கு டொயோட்டாவைக் கொண்டுபோய்விட்டது. 1965இல் அதே ஸ்தாபனம் தரக் கட்டுப்பாட்டுக்கான டெமிங் பரிசைப் பெற்றது. இடைப்பட்ட காலத்தில் ஜப்பானின் மண்ணும் மாறவில்லை, ஜப்பானியரின் சுபாவமும் மாறவில்லை. 1950இல் டெமிங் என்ற அமெரிக்கப் புள்ளியியல் நிபுணர் அங்கே வந்து நிகழ்த்திய விரிவுரைகள் முதலாகத் தொழிற்சாலைகளின் முறை மாறிற்று.

முறைதான் பிரதானம் என்பதற்கு ஒரு பரீட்சையே நடந்திருக்கிறது. அதைச் சற்று விரிவாகச் சொல்லாமல் மேலே செல்ல எனக்கு மனமில்லை.

கலிபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் கிழக்குப் பக்கத்தில், ஃப்ரீமாண்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனிக்கு ஒரு தொழிற்சாலை இருந்தது. ஐந்தில் ஒருவர் வேலைக்கு வராத நாள்கள் அங்கே சர்வசாதாரணம். வேலை நேரத்தில் மது அருந்துவதும், நிர்வாகத்தின்மேல் உள்ள கோபத்தைக் கார்களின்மேல் தீர்த்துக்கொள்வதும் உண்டு. எக்காரணம் கொண்டும் லைன் நிற்கக்கூடாது என்பது அங்கிருந்த தலையாய விதி. ஆகையால் ஒரு போல்ட்டு சரியாக ஏறவில்லை என்று கண்ணெதிரே கண்ட தொழிலாளிகூட அதை அப்படியே அடுத்தவரிடம் தள்ளிவிடுவான். குறையோடு வெளிவந்த வண்டிகள் முற்றத்தில் குவிந்து, பிறகு அங்கே வைத்துப் பழுது பார்க்கப்படும். 1982இல் அந்தத் தொழிற்சாலையை மூடினார்கள். அமெரிக்கத் தொழிலாளி சோம்பேறி, அவனால் நல்ல கார் செய்ய இயலாது என்று அக்காலத்தில் அமெரிக்கர்களே பேசியதற்கு ஃப்ரீமாண்ட் ஒரு தயாரான உதாரணமாக அமைந்தது.

அதே கட்டடத்தை, அதே தொழிற்சங்கத்தை, பெரும்பாலும் அதே தொழிலாளிகளை வைத்துக்கொண்டு, ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் கூட்டாக ஒரு கம்பெனியை அமைத்து, நிர்வாகத்தை டொயோட்டாவின் கையில் ஒப்படைத்து, 1984ஆம் வருஷம் டிசம்பரில் முதல் காரை வெளியே கொண்டுவந்தன. அதற்கு முன் நூற்றுக்கணக்கான தொழிலாளிகளை ஜப்பானில் உள்ள டக்கஓக்கா தொழிற்சாலைக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். புதிய ஏற்பாட்டில் லைனின் நெடுகிலும் ஒரு கயிறு கட்டியிருந்தது. குறையைக் கண்ட எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம். இழுத்தால் குழுத் தலைவர் ஓடிவந்து உதவுவார். உரிய நேரத்துக்குள் சரியாகாவிட்டால் லைனே நிற்கும். முன்பு எதைச் செய்தால் வேலை போகுமோ, அதையே இப்போது கடமையாக ஆக்கினார்கள். வேலைக்கு வராதோர் தொகை சொற்பமாகக் குறைந்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வாளர்கள் எண்பதுகளின் நடுப்பகுதியில் ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஜெனரல் மோட்டார்ஸின் மற்றொரு பழைய தொழிற்சாலையான ஃப்ரேமிங்ஹாமில் நூறு கார்களுக்கு 130க்குக் குறையாத பூட்டுக் குறைகளும், டக்கஓக்காவில் 45உம் இருந்தன. ஃப்ரீமாண்டில் எவ்வளவு? அதே 45.

இந்தப் பரீட்சையில் இன்னொரு அம்சமும் உண்டு. அதுவே என்னை அதிகம் சிந்திக்கவைப்பது. அந்த ஒரே லைனில் ஒரே கைகளால் உருவான கார்களில் சிலவற்றுக்கு ஷெவ்ரலே நோவா என்றும், பிற்காலத்தில் பிரிஸம் என்றும், மற்றவற்றுக்கு டொயோட்டா கரோலா என்றும் பெயர் பொறித்தார்கள். ஜனங்கள் கரோலாவுக்கே அதிக விலை கொடுத்தார்கள். பழைய வண்டியாக விற்கும்போதும் கரோலாவே உயர்ந்த மதிப்பைப் பெற்றது. வாங்குகிறவர்கள் தரத்துக்கென்று கொடுப்பதாக நினைத்த பணத்தில் ஒரு பகுதி முத்திரைக்கே போயிற்று.

மெக்ஸிகோவின் வடக்கே, பாலைவனத்தை ஒட்டிய ஹெர்மோசியோ நகரில் 1986இல் ஃபோர்டு கம்பெனி மாஸ்டாவின் துணையோடு தொடங்கிய தொழிற்சாலையைப் பற்றியும் இங்கே சொல்லவேண்டும். அதே கழகத்தின் ஆராய்ச்சி, தான் எடுத்துக்கொண்ட வெகுஜனக் கார் தொழிற்சாலைகள் அனைத்திலும் அசெம்பிளித் தரத்தில் முதலிடம் பெற்றது, ஜப்பானின் சிறந்த தொழிற்சாலைகளையும் விஞ்சியது, இந்த ஹெர்மோசியோதான் என்று கண்டது. மெக்ஸிகோ வண்டி என்று முகம் சுளிக்கிறவர்கள் முப்பது வருஷங்களுக்கு மேலாக இந்த உண்மையைக் கேட்க மறுத்து வருகிறார்கள்.

'அப்படியானால் நாங்கள் பிரத்தியட்சமாகக் கண்டதெல்லாம் பொய்யா? ஜப்பான் ஆல்டோவின் கதவைச் சாத்திப் பாருங்கள், இந்தியன் ஆல்டோவின் கதவைச் சாத்திப் பாருங்கள்!' என்று இலங்கைவாசி ஒருவர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். அவர் கண்டது பொய்யன்று. கண்டதற்கு அவர் கற்பித்த காரணமே பொய். 2014இன் இறுதியில் ஜப்பானில் வெளியான ஆல்டோ, அத்தேசத்தின் சிறு கார் விதிகளுக்கு அடங்க 660 சிசி என்ஜினோடு, ஜப்பானியச் சந்தை எதிர்பார்க்கும் வசதிகளோடு வரையப்பட்ட ஒரு வண்டி. 2012இல் இந்தியாவில் வெளியான ஆல்டோ 800, 796 சிசி என்ஜினோடு, மோட்டார் சைக்கிளிலிருந்து முதன்முதலாகக் காருக்கு மாறும் குடும்பத்தின் பணப்பைக்கு ஏற்ப வேறு வரைபடத்தில் பிறந்த வண்டி. பெயரில் மட்டும் ஒன்றாகவும் உடலில் வேறாகவும் உள்ள இரண்டை எதிரெதிரே நிறுத்தி, வித்தியாசத்துக்கெல்லாம் தொழிலாளியின் கையைக் காரணம் காட்டுவது என்ன நியாயம்? விருந்துக்கு என்று அளந்து கொடுத்த சாமான்களையும் சத்திரத்துக்கு என்று அளந்து கொடுத்த சாமான்களையும் ஒரே சமையற்காரர் சமைத்தால், ருசியின் பேதத்துக்கு அவரையா குற்றம் சொல்வது?

2014 ஜனவரியில் குளோபல் என்காப் என்ற அமைப்பு, இந்தியச் சந்தைக்கான சில கார்களை மோதிப் பரிசோதித்தது. அவற்றில் ஒன்று, புணேக்கு அருகே சாக்கனில் தயாரான ஃபோக்ஸ்வாகன் போலோ. ஏர்பேக் இல்லாத போலோ, பெரியவர்களின் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம்கூடப் பெறவில்லை. இரண்டு ஏர்பேக்குகள் வைத்த போலோ நான்கு நட்சத்திரம் பெற்றது. தொழிற்சாலை ஒன்று, தேசம் ஒன்று. ஆயினும் ஒரு வண்டியில் ஓட்டுநர் பிழைக்க வழி இருந்தது, மற்றதில் இல்லை. அந்த முடிவு வெளியானதும் கம்பெனி ஏர்பேக் இல்லாத போலோவை இந்தியாவில் விற்பதை நிறுத்திக்கொண்டது. அப்படியானால், அதற்கு முன்னால் அதை விற்றுக்கொண்டிருந்ததற்குச் சாக்கனின் தொழிலாளியா பொறுப்பு? ஏர்பேக் கட்டாயம் என்று அப்போது சட்டம் இருக்கவில்லை. ஓட்டுநருக்கான ஏர்பேக்கே இந்தியாவில் 2019இல்தான் கட்டாயமாயிற்று.

இதைவிடக் கொடுமையான உதாரணம் 2016 அக்டோபரில் வெளிப்பட்டது. நிஸான் கம்பெனியின் இரண்டு கார்களை ஒன்றோடொன்று மோதவிட்டார்கள். ஒன்று மெக்ஸிகோவில் செய்து மெக்ஸிகோவிலேயே விற்ற ட்சூரு. மற்றொன்று, அதே மெக்ஸிகோவில் செய்து அமெரிக்காவுக்கு அனுப்பிய வெர்ஸா. தொண்ணூறுகளின் தொடக்கத்து வரைபடத்தில், ஏர்பேக் இன்றி வந்த ட்சூரு ஓட்டுநரின்மேல் நசுங்கிற்று. உள்ளே மனிதன் இருந்திருந்தால் மாண்டிருப்பான். வெர்ஸாவில் இருந்தவன் பிழைத்திருப்பான். எல்லைக்கு வடக்கே ஓடும் வண்டிக்கு ஒரு சட்டம், தெற்கே ஓடும் வண்டிக்கு ஒரு சட்டம் என்று இருந்தபடியால், மெக்ஸிகோக்காரரின் கைகள் அயலாருக்குப் பத்திரமான காரையும் தம் சொந்த ஜனங்களுக்குச் சவப்பெட்டியையும் செய்துவந்தன. மெக்ஸிகோ வண்டி மட்டம் என்று இதைப் பார்த்தும் சொல்கிறவரோடு வாதாடி என்ன பயன்?

விலையுயர்ந்த கார்களைப் பற்றியும் இப்படித்தான் பேச்சு. மெர்சிடிஸின் எம் வகுப்புக் கார்கள் 1997இல் அமெரிக்காவின் அலபாமாவில் முதன்முதலாகத் தயாரானபோது தரக்குறைவு என்ற புகார் எழுந்தது. புதிய தொழிற்சாலையின் ஆரம்பக் காலத்தில் குறைகள் கூடுதலாக இருப்பது உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே காலத்தில் ஜெர்மனியில், ஸிண்டல்ஃபிங்கனில், அக்கம்பெனியின் தாய்வீட்டிலேயே பிறந்த இ வகுப்புக் கார்கள் துருப்பிடித்துப் பெயரைக் கெடுத்தன. 2004இல் பிரேக் கோளாறுக்காக ஏறத்தாழ 6,80,000 வண்டிகளை அக்கம்பெனி திரும்ப அழைக்கவும் நேர்ந்தது. டகாட்டா என்ற ஜப்பானியக் கம்பெனியின் ஏர்பேக்குகள் வெடித்து உயிர்களைப் பறித்த விவகாரத்திலும், மெக்ஸிகோவின் மொன்க்ளோவாவில் செய்தவையும் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் செய்தவையும் ஒருங்கே குற்றத்துக்கு உள்ளாயின. காரணம், வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்துபோகும் அம்மோனியம் நைட்ரேட்டை உலர்த்தும் பொருள் சேர்க்காமல் பயன்படுத்திய மூல வடிவமைப்பு. பரிசோதனை விவரங்களைத் திரித்ததாக 2017இல் அக்கம்பெனியே கோர்ட்டில் ஒப்புக்கொண்டது.

தேசத்தின்மேல் பழி போடுகிற பழக்கத்தால் உண்டாகும் கேடு இதுவே. எந்தத் தகட்டை எவ்வளவு கனத்தில் போடுவது, எந்தச் சந்தைக்கு எந்தப் பாதுகாப்பைக் கொடுப்பது, எதை நிறுத்திப் பணம் மிச்சம் பிடிப்பது என்று தீர்மானிக்கிறவர்கள் தலைமை அலுவலகங்களில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களை அனுமதிக்கிறவர்கள் மந்திரி சபைகளில் அமர்ந்திருக்கிறார்கள். வாங்கியவரோ இரு சாராரையும் விட்டுவிட்டு, ஒரகடத்திலும் சாக்கனிலும் ஷிப்டுக்குப் பஸ் ஏறும் இளைஞரைக் குறை சொல்லித் திருப்தி அடைகிறார். 'நம் ஊரில் செய்தது அவ்வளவுதான்' என்ற ஒரு வாக்கியத்தைவிடக் கம்பெனிகளுக்கு அனுகூலமானது வேறில்லை. எதிர்பார்ப்பே இல்லாத இடத்தில் கொடுக்கவேண்டிய கடமையும் இல்லை.

கடைசியாக, ஜப்பானியரின் அபிப்பிராயத்தையே கேட்போம். குருகிராமில் தயாரான ஐந்து கதவு ஜிம்னியை 2025 ஜனவரி இறுதியில் ஸுஸுக்கி ஜப்பானில் அறிமுகம் செய்தது. மாதம் 1,200 விற்றால் போதும் என்று திட்டமிட்டிருந்த கம்பெனிக்குச் சில நாள்களில் 50,000 ஆர்டர்கள் குவிந்தபடியால், பதிவையே நிறுத்திவைத்தார்கள். இந்தியாவில் பூட்டியது என்ற விஷயம் அந்த ஜப்பானியரைத் தடுக்கவில்லை. அதற்குச் சில மாதங்களுக்கு முன், 2024 அக்டோபரில், குஜராத்தின் ஹன்சல்பூரில் தயாரான ஃப்ரோங்ஸ் அங்கே விற்பனைக்கு வந்தது. எதிரே தடை தென்பட்டால் தானாகப் பிரேக் பிடிக்கும் கருவி அதில் இருந்தது. அதே தொழிற்சாலையிலிருந்து அன்று இந்தியச் சாலைகளுக்கு வந்த ஃப்ரோங்ஸில் இருக்கவில்லை. ஃப்ரோங்ஸ் வாங்க ஷோரூமுக்குப் போகிறவர், ஜப்பானியருக்குக் கொடுத்ததை எங்களுக்கு ஏன் கொடுக்கவில்லை என்று அங்கேயே கேட்கட்டும். கேட்டு, எழுத்தில் பதில் வாங்கட்டும்.