பாட்டில் வாங்க பார்டர் தாண்டுவது ஏன்? விலையைக் குறைத்தால் நிற்குமா?

வாசுதேவநல்லூரிலிருந்து தென்காசி, செங்கோட்டை, புளியரை வழியாகப் போனால் இரண்டு மணி நேரத்துக்குள் கேரள எல்லை வந்துவிடும். அந்தப் பக்கம் கள்ளுக்கடைகளுக்கு உரிமம் உண்டு. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. அதனால் மலை ஏறுகிறவருக்குக் கள்தான் குறி, விலை அல்ல. பாட்டில் சரக்குக்கு நாட்டிலேயே அதிக வரி போடும் மாநிலங்களில் கேரளமும் ஒன்று. ‘சீப்பா கிடைக்கும்’ என்று வண்டிகள் கிளம்புவது கிழக்கே, புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும்.

ஏன் இந்த விலை வித்தியாசம்?

2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது, குடிக்கும் மது அதில் சேர்க்கப்படவில்லை. வரியை அந்தந்த அரசே முடிவு செய்கிறது. தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை விற்பனை டாஸ்மாக் வசம். புதுச்சேரியில் தனியார் கடைகள், குறைந்த வரி. எல்லைக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரே பாட்டிலுக்கு இரண்டு விலை.

நாலு பாட்டில்தானே என்று வீக்எண்ட் முடிந்து பையில் போட்டு வருகிறவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். அனுமதி இல்லாமல் கொண்டுவந்தால் 1937-ம் ஆண்டு தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டத்தில் வழக்குப் பாயலாம்; வண்டியும் பறிமுதல் ஆகலாம். மிச்சம் பிடித்தது சில நூறு ரூபாய். வழக்கோ, வேலைக்கான போலீஸ் வெரிஃபிகேஷன் வரை துரத்தும்.

ஐரோப்பாவில் என்ன ஆனது?

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் சொந்த உபயோகத்துக்கு வாங்கி வரத் தடையில்லை. 2004-ல் எஸ்டோனியா ஒன்றியத்தில் சேர இருந்தது. மக்கள் கப்பலேறி அங்கே போய் வாங்குவார்கள் என்று பயந்த பின்லாந்து, மது வரியைச் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. குடி கூடியது, மது சார்ந்த மரணங்களும் கூடின. 2008 முதல் வரியை மறுபடி ஏற்ற வேண்டியதாயிற்று. பின்னாளில் எஸ்டோனியா வரியை ஏற்றியதும் அதன் மக்களே லாட்வியாவுக்குப் போனார்கள். 2019-ல் எஸ்டோனியா 25% குறைத்தது. உடனே லாட்வியாவும் குறைத்தது. இந்தப் போட்டிக்கு முடிவே கிடையாது.

நமக்கு என்ன பாடம்?

‘பக்கத்து மாநிலத்துக்குப் போய்விடுவார்கள்’ என்ற வாதம் இங்கேயும் பழக்கமானதுதான். 2020 மே மாதம், ஊரடங்குக்கு நடுவே டாஸ்மாக் கடைகளைத் திறக்க தமிழ்நாடு அரசு சொன்ன காரணமே, ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் கடை திறந்ததால் எல்லையோர மக்கள் அங்கே போகிறார்கள் என்பதுதான்.

அதே மாதம் இன்னொன்றும் நடந்தது. புதுச்சேரி சிறப்புக் கலால் வரி போட்டு, தமிழ்நாட்டிலும் விற்கும் பிராண்டுகளின் விலையை இங்குள்ள விலைக்குச் சமமாக்கியது. 2021 ஏப்ரலில் அந்த வரி நீக்கப்பட்டது, வித்தியாசமும் திரும்பியது. ஆனால் அந்தச் சில மாதங்கள் காட்டியது ஒன்று: இரண்டு அரசுகளின் விலையும் ஒரே அளவில் நிற்பது நடக்காத காரியமில்லை.

நோய்த்தொற்றுக் காலத்தில் முடிந்தது சாதாரண நாளிலும் முடிய வேண்டும். அண்டை அரசுகள் உட்கார்ந்து பேசி, இதற்குக் கீழே விற்பதில்லை என்று ஓர் அடிமட்ட விலையை ஒப்புக்கொள்ளலாம். புதுச்சேரிக்கு விற்பனை குறையும் என்ற கவலை நியாயமானதுதான்; அதற்கு ஈடு என்ன என்பதையும் அதே மேசையில் பேச வேண்டும். செக்போஸ்டில் பைகளைக் கிளறுவதைவிட அது பலன் தரும். யார் மலிவாக விற்பது என்ற போட்டியில் எந்த அரசு ஜெயித்தாலும், தோற்பது குடிக்கிறவரின் வீடுதான்.