கிளார்க் கீயில் செல்ஃபி எடுப்பவர்கள் கவனத்திற்கு

சிங்கப்பூர் போனா போட் கீ, கிளார்க் கீ பக்கம் ராத்திரி ஒரு ரவுண்டு அடிச்சு, விளக்கு வெளிச்சத்துல போட்டோ எடுத்து, "ஆறுன்னா இப்படி இருக்கணும்"னு ஸ்டேட்டஸ் போடுறோம்.

மருத்துவரா எனக்கு அந்த விளக்கு முக்கியமில்லை. அதுக்கு முன்னாடி நடந்ததுதான் விஷயம்.

அந்த ஆறு சரக்குப் படகுகளோட இடம். கடல்ல நிக்கிற கப்பலுக்கும் கரையில இருக்கிற கிடங்குக்கும் நடுவுல மூட்டை சுமந்த படகுகள். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில இந்தத் தொழில்ல முன்னணியில இருந்தவங்க, சோழமண்டலக் கரையில இருந்து போன நம்ம சூலியா மக்கள். போட் கீ பக்கத்துல சூலியா தெரு இன்னிக்கும் இருக்கு. (செல்ஃபில விழறதில்ல!)

ஆனா படகு எண்ணெய், தெருக்கடைக் கழிவு, பன்றி-வாத்துப் பண்ணைக் கழிவு, சாக்கடை இணைப்பே இல்லாத வீடுகளோட மலம் எல்லாமே அந்த ஆத்துலதான் போச்சு. மலம் கலந்த தண்ணி என்ன தரும்? காலரா, டைபாய்டு, மஞ்சள் காமாலை.

1977ல பிரதமர் லீ குவான் யூ 10 வருஷம் கெடு வச்சார். 1987ல முடிச்சாங்க.

எதை முதல்ல செஞ்சாங்கன்னு கவனிங்க. சுமார் 26,000 குடும்பங்களுக்கு மாற்று இடம். பண்ணைகள் காலி. தெருவோர உணவுக்கடைகள், குழாய்த் தண்ணியும் வடிகாலும் உள்ள உணவங்காடி நிலையங்களுக்குப் போச்சு. 1983ல படகுகள் பாசிர் பாஞ்சாங்குக்கு. ஆத்துச் சேறு அள்ளினாங்க. ஹோட்டலும் பாரும் நிறைஞ்ச கிளார்க் கீ திறந்தது 1993லதான்! 2008ல மரினா அணைக்கட்டு வந்த பிறகு அந்தத் தண்ணி நன்னீர்த் தேக்கமாவே மாறிடுச்சு.

சாக்கடையை நிறுத்தாம கரையில கிரானைட் பதிக்கிறது, சீழ் புண்ணைக் கழுவாம மேல பிளாஸ்திரி ஒட்டுற வேலை.

இதுக்கு விலை இல்லாம இல்லை. தலைமுறையா படகுல பொழைச்சவங்க அந்தக் கரையை விட்டே போக வேண்டியதாச்சு. அந்த வருத்தம் நியாயமானது.

எனக்கு இன்னொரு குறையும் உண்டு. காலராவை விரட்டின கரையில மதுவை உக்கார வச்சது பிடிக்கல; கல்லீரலுக்கு ஆத்தங்கரை, ஏசி பார்னு பேதம் கிடையாது. 2015ல இரவு 10.30க்கு மேல பொது இடத்துல குடிக்கக் கூடாதுன்னு நாடு முழுக்கச் சட்டமே போட்டாங்க.

நீங்க போனா ஒரு கரும்பு ஜூஸ் வாங்கிக்கிட்டு நடங்க. அப்படியே சூலியா தெருவையும் ஒரு எட்டு பாத்துட்டு வாங்க.