பொன்னாலைப் பாலம் கடந்து வரும் பொதிகள்

அண்மையில் காரைநகர் சென்றிருந்தபோது, வலந்தலைச் சந்திக்கு அருகிலுள்ள ஒரு பலசரக்குக் கடையின் வாங்கில் சிறிது நேரம் அமர்ந்திருந்தேன். பொன்னாலைப் பாலம் கடந்து வந்த மோட்டார் சைக்கிள் ஒன்று கடை வாசலில் நின்றது. பொதி கொண்டுவந்த இளைஞர் ஒரு வீட்டுக்கு வழி கேட்டார். கடைக்காரர் வெளியே வந்து, மதிலையும் வேம்பையும் அடையாளங்கூறி அனுப்பிவைத்தார். பின்னர் என்னிடம், “ஐயா, அது அந்த அம்மாவுக்குக் கனடாவிலையிருந்து மகன் அனுப்புற சாமான். பருப்பு, சீனி, பால்மா. முந்தி என்னட்டைத்தான் வாங்கினவ” என்றார்.

அவர் அதனைக் குறையாகக் கூறவில்லை. ஆயினும் இதுபற்றி எழுதவேண்டும் என்று அப்போதே எண்ணினேன்.

வணிகத்தைப் பற்றிக் காரைநகருக்கு எவரும் பாடம் புகட்டத் தேவையில்லை. காகம் பறக்காத இடமுமில்லை, காரைதீவான் போகாத இடமுமில்லை என்பது, இவ்வூர் காரைதீவு என வழங்கிய நாளிலிருந்தே வரும் பேச்சு. இலங்கையின் எத்தனையோ நகரங்களில் காரைநகரார் கடை வைத்திருந்தனர். அவ்வாறாயின், அந்த ஊர்களுக்கு அவர்களும் வெளியாட்கள்தாமே. இன்று கொழும்பிலிருந்து பொதி அனுப்பும் நிறுவனத்தை மட்டும் ஏன் குறைகூற வேண்டும் என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி.

வேறுபாடு ஒன்று உண்டு. அவர்கள் சென்ற ஊரிலேயே இருந்தனர். கடையிலேயே படுத்தெழும்பினர், வாடிக்கையாளரின் நன்மை தீமைகளை அறிந்து கடன் கொடுத்தனர். 1958, 1977, 1983 வன்செயல்களில் தமிழர் கடைகள் எரிந்தபோது, பலர் இட்ட முதல் அனைத்தையும் இழந்து ஊர் திரும்பினர். முதலையும் வாழ்வையும் ஓர் ஊரில் வைத்து நடத்துவதே அவர்கள் அறிந்த வணிகம். இணைய அங்காடிக்கு எந்த ஊரும் ஒரு முகவரி மட்டுமே. பாகிஸ்தானில் தொடங்கிய டராஸை 2018இல் சீனாவின் அலிபாபா வாங்கியது. அத்தகைய நிறுவனத்தின் கணக்கில் காரைநகர் எத்தனையாவது வரியில் இருக்கும்?

இணையவழி வணிகம் தீயது என்பது என் கருத்தன்று. பிள்ளைகள் அனைவரும் வெளிநாட்டில் இருக்க, தனித்து வாழும் முதியோர் இத்தீவுகளில் பலர். யாழ்ப்பாண நகரம் ஏறத்தாழ 20 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. ஊரில் கிடைக்காத நூலையோ, இயந்திர உதிரிப்பாகத்தையோ, நோயாளிக்கான சக்கர நாற்காலியையோ வீட்டுவாசலில் பெறுவது பெரும் வசதியே. அதனை மறுப்பவன் ஊரில் வாழ்ந்து பார்த்தவன் அல்லன்.

ஆனால் அரிசியும் பருப்பும் சவர்க்காரமும் வேறு. 1990இல் வடக்கின்மீது பொருளாதாரத் தடை வந்தபோதும், 2006 ஓகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்டுக் கப்பலை நம்பி யாழ்ப்பாணம் காத்திருந்தபோதும், எம்மக்களின் கைக்குப் பொருள் வந்தது கூட்டுறவுச் சங்கக் கிளைகளாலும் ஒழுங்கைக் கடைகளாலுமே. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது ஒழுங்கைக் கடையின் அருமையை மீண்டும் உணர்ந்தோம். 2022இல் எரிபொருளுக்கு நாடே வரிசையில் நின்றபோது, நடந்துபோகும் தூரத்தில் ஒரு கடை இருப்பதன் பெறுமதி யாவர்க்கும் விளங்கிற்று.

அந்நாட்களில் உதவிய மற்றொன்று கடன் கொப்பி. “அண்ணை, கணக்கிலை போடுங்கோ” என்ற ஒரு சொல்லுக்குக் கடற்றொழிலாளியின் வீட்டில் அடுப்பு எரிந்தது. இணைய அங்காடியில் பணத்தை நீட்டினால்தான் பொதி கைக்கு வரும். காசுள்ள குடும்பங்கள் அங்கே சென்றுவிட்டால், காசில்லாத குடும்பங்களின் கடனை மட்டும் சுமந்துகொண்டு ஒரு கடை எத்தனை மாதம் திறந்திருக்கும்? அது மூடப்படும் நாளில் கனடாவில் மகனுள்ள தாய்க்குப் பொதி வரும். எவருமில்லாத அயல்வீட்டுக்காரிக்கு என்ன வரும்?

கடைக்காரர்களுக்கும் ஒரு சொல். அன்பு ஒன்றைக் காட்டி வாடிக்கையாளரை என்றும் வைத்திருக்க முடியாது. காலாவதியான பொருளைத் தட்டில் வைத்திருப்பதும், பற்றுச்சீட்டுக் கொடுக்கத் தயங்குவதும், பொறித்த விலைக்கு மேல் வாங்குவதும் ஆங்காங்கே நடக்கின்றன. கடைசியாகச் சொன்னது சட்டப்படி குற்றமுமாகும். தொலைபேசியில் பட்டியலைக் கேட்டு, விலையைச் சொல்லி, சைக்கிளில் ஒரு பையனிடம் கொடுத்தனுப்ப எந்த ஊர்க் கடையாலும் முடியும்.

புலம்பெயர்ந்த உறவுகளிடம் நான் வேண்டுவது இவ்வளவுதான். அம்மாவுக்குச் சாமான் அனுப்ப விரும்பினால், முதலில் அம்மாவின் ஒழுங்கைக் கடைக்கு அழைப்பெடுங்கள். அவருடைய வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பி, மாதக் கணக்கொன்றைத் தொடங்குங்கள். விலை சற்றுக் கூடினாலும் கூடட்டும். பொதி கொண்டுவருபவர் வாசலில் கையொப்பம் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார். அம்மா இரண்டு நாள் கடைப்பக்கம் வராவிட்டால், ஏன் என்று பார்க்கப் படலையைத் திறப்பவர் அந்தக் கடைக்காரராகவே இருப்பார்.